சீமாட்டியின் இடது கால்

லாயத்துக் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஐந்து வாரமாக ஒரு நாள் தவறாமல் டிக் விழுந்திருந்தது. அத்தனையும் பொய். போட்டவள் சின்னக்கா.

குதிரைப் பயிற்சிப் பள்ளி அண்ணனுடையது. குதிரைகளைப் பழக்குவது அவள். வயது நாற்பதைத் தொட்டாலும், கூட்டுகிறவர் முதல் லாடம் அடிக்கிறவர் வரை எல்லோருக்கும் சின்னக்காதான். எட்டு மாதத்துக்கு முன் சீமாட்டி என்ற குதிரைக்கு இடது முன்னங்கால் தசைநார் கிழிந்தபோது சேணத்தில் இருந்தது அவள்தான். பட்டென்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

ஓய்வு முடிந்ததும் கால்நடை டாக்டர் அட்டவணை எழுதிக் கொடுத்தார். நடை தினமும் உண்டு. அதோடு முதல் வாரம் இரண்டு நிமிடம் மெல்லோட்டம், பிறகு வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். காலையில் காலைத் தொட்டுப் பார்க்கணும், சூடு இருந்தால் ஓட்டக்கூடாது, உடனே போன் செய்யணும்.

முதல் நாளே சூடு இருந்தது. மறுநாளும் இருந்தது. போன் செய்திருக்கலாம்தான். ஆனால் அண்ணன் ஏற்கெனவே சொல்லியிருந்தான்: "இந்தத் தடவையும் தேறலைன்னா அனுப்பிட வேண்டியதுதான். நிக்க வச்சே தீனி போட இது என்ன மாமியார் வீடா?" எங்கே அனுப்புவான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கப் பயம். ஓட்டினால் கால் போய்விடும், சொன்னால் குதிரையே போய்விடும். ஆகவே நடக்க மட்டும் வைத்துவிட்டு, ஓட்டியதாக டிக் போட்டாள்.

இன்று பத்து மணிக்கு டாக்டர் வந்தார். குனிந்து காலைத் தடவினார். அட்டவணையைப் பார்த்தார்.

"சூடே இல்ல. பத்து நிமிஷ ஓட்டம் பழகியாச்சு. ஏறும்மா, மைதானத்த ஒரு சுத்து பாய விடு. நல்லாப் போச்சுன்னா திங்கக்கிழமையே வகுப்புக்கு விட்டுரலாம்."

அண்ணன் வேலியில் சாய்ந்து கைகட்டி நின்றான். சின்னக்கா ஏறினாள். பெரிய மைதானத்தைக் கண்டதும் சீமாட்டி காதை விடைத்துக்கொண்டு கடிவாளத்தை இழுத்தது. எட்டு மாதம் அடக்கி வைத்த ஆசை அதற்கு! சின்னக்காவோ கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தாள். குதிகாலால் லேசாகத் தொட்டால் போதும், பாய்ந்துவிடும். அப்புறம் அந்தச் சத்தம்.

"முடியாது!" என்று கத்திவிட்டு இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்றே சொல்ல வேண்டும். "டாக்டர், இவ ஒரு நாள்கூட ஓடல. தினம் காலைல சூடு இருந்துச்சு. நான்தான் பொய்யா டிக் போட்டேன்."

அண்ணன் முகம் கறுத்தது. டாக்டர் நிதானமாகக் கேட்டார்.

"காலைல எப்படிப் பார்ப்பே? அதே மாதிரி இப்ப செய்."

சில்லென்ற தொட்டித் தண்ணீரில் இரண்டு வாளியை முழங்கை வரை கைவிட்டுக் கழுவி, நிரப்பி, சீமாட்டி முன் வைத்தாள். விறைத்த கையை உதறிவிட்டு, குந்தி உட்கார்ந்து இடது காலைப் பிடித்தாள்.

"பாருங்க, சுடுது!"

"அந்தப் பக்கத்துக் காலையும் தொடு," என்றார் டாக்டர்.

வலது காலைத் தொட்டாள். அதுவும் சுட்டது. ரெண்டு காலையும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், ஐந்து வாரமாக ஒற்றைக் காலைத் தவிர எதையும் தொட்டதில்லை. அண்ணன் வேலியைத் தாண்டி வந்து கையை நீட்டினான். "என் கையத் தொடு."

அதுவும் சுட்டது.

"தண்ணில விறைச்ச கைக்கு எதத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான் அண்ணன்.

"சிரிக்கிற விஷயமில்ல. ஓடியே பழகாத கால் இது," என்றார் டாக்டர். "வாயத் திறக்காம பாய விட்டிருந்தா, இன்னைக்கே மறுபடி கிழிஞ்சிருக்கும்."

சின்னக்கா தரையைப் பார்த்தபடி கேட்டாள். "இவள அனுப்பிடுவியாண்ணா?"

"பொய் சொன்னதுக்கு உன்னத்தான் அனுப்பணும்." அட்டவணையைக் கிழித்துக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டான். "வகுப்புக்கு வேற குதிரை பார்த்துக்கலாம். முதல்லேருந்து ஆரம்பி. ரெண்டு நிமிஷம். ஏறு."

ஏறினாள். சூடு பொய் என்று தெரிந்த பிறகும் பயம் போகவில்லை. அது சீமாட்டியின் காலில் இருந்தால்தானே போக!

"அண்ணா, கூடவே ஓடி வர்றியா?"

அவன் டாக்டரைப் பார்த்தான், தன் தொப்பையைப் பார்த்தான், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். சீமாட்டி மெல்லோட்டத்தில் கிளம்பியது. குளம்புச் சத்தம் தாளம் தப்புகிறதா என்று சின்னக்கா உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கவனித்தாள். பக்கத்தில் அண்ணன் மூச்சு வாங்கிய சத்தத்தில் அவளுக்கு வேறொன்றும் கேட்கவில்லை.