மேற்குச் சரிவின் முப்பத்தாறு பைகள்

தீவைப் பற்றிய அறிக்கையில் என் தலையில் விழுந்தது இரண்டே பக்கம். முன்பு யார் வந்தார்கள், எங்கே தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்ற வரலாறு. அந்தத் தீவில் வேலை பார்த்த பழைய ஆள் இந்தச் சுரங்கக் கம்பெனியில் நான் ஒருவன்தான். அரை நாள் வேலை, பத்து நாளாக மேசையில் கிடந்தது.

ஒன்றரைப் பக்கம் மளமளவென்று வந்துவிட்டது. எரிமலைப் பாறைத் தீவு, ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். ஓடையில் பச்சைக் கறை படிந்த கற்கள். செம்பு இருக்கும் பாறையில் அப்படித்தான் பச்சை பூக்கும். அதைக் கண்டுபிடித்தவர் என் மச்சான், என் மனைவியின் அண்ணன். பத்தொன்பது வருடத்துக்கு முன் பழைய கம்பெனியில் அவர்தான் தலைமைப் புவியியலாளர். எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். செம்பு மேற்குச் சரிவில்தான் இருக்கிறது என்று ஒற்றைக் காலில் நின்றார்.

அடுத்த வாக்கியத்தில் மாட்டிக்கொண்டேன். ‘மேற்குச் சரிவில் முப்பத்தாறு இடங்களில் மண் எடுத்துச் சோதித்ததில் செம்பு இல்லை.’

எங்கள் புதிய தலைமைப் புவியியலாளர் என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். பழைய சோதனைத் தாளோடு வந்து நின்றாள்.

“சார், போன மாசம் அதே சரிவுல ஏறினோம். செம்பு கொட்டிக் கிடக்கு. இதுல முப்பத்தாறு மண்ணும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கே, எப்படி? ஒரே குழில அள்ளின மாதிரி!” என்று சிரித்தாள்.

“பழைய லேப்மா. சுத்த மோசம்” என்றேன் நான். வாய் கூசவில்லை. பழியை அடுத்தவன் தலையில் கட்டுவதில் எனக்குத்தான் பத்தொன்பது வருடப் பழக்கமாயிற்றே.

அவள் சொன்னது அப்படியே உண்மை. ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி, முழங்கை ஆழம், ஒரு பை மண். மூன்று நாள் ஏற வேண்டிய சரிவு. மழை கொட்டியது, காலெல்லாம் அட்டை, எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கடற்கரையில் போட்டிருந்த கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரே குழியில் முப்பத்தாறு பையையும் நிரப்பினேன். எப்படியும் பாறையில் துளை போட்டுத்தானே பார்க்கப்போகிறார்கள், மண்ணை எவன் பார்க்கப்போகிறான் என்று நினைத்தேன்.

பார்த்தார்கள். மச்சானின் பேச்சை நம்பித் துளையிடும் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றியிருந்தார்கள். சோதனை முடிவு வந்ததும் அது கரை இறங்காமலே திரும்பிப் போனது. மச்சானின் வேலை போனது. அதற்குப் பிறகு எவனும் அவரைச் சேர்க்கவில்லை. டைல்ஸ் கடை வைத்தார்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அவருக்கு ‘செம்பு மாமா’ என்று கேலிப்பெயர். வைத்தவன் நான். சாப்பாட்டுப் பந்தியில் அதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்திருக்கிறேன். சீ!

வெள்ளிக்கிழமை அறிக்கை அச்சுக்குப் போகிறது. அந்த வாக்கியம் அப்படியே போனால், செம்பைக் கண்டுபிடித்த பேர் இந்தக் கம்பெனிக்குப் போகும், மலையைத் தப்பாகப் பார்த்தவர் என்ற பேர் மச்சானுக்கு அச்சிலும் ஏறிவிடும். மாற்றினால் என் வேலை போகும். வியாழக்கிழமை மத்தியானம் மாற்றி எழுதி, எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

“வாங்க மாப்ள! பிள்ளைங்க சௌக்கியமா? செம்பு மாமாவைக் கேக்குறாங்களா?” என்றார் அவர். நான் தாளை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதடு அசைய வாசித்தார். ‘முப்பத்தாறு பைகளும் ஒரே குழியில் நிரப்பப்பட்டவை. நிரப்பியவன் இதை எழுதுபவன்.’

ஒரு அம்மா குளியலறைக்கு டைல்ஸ் கேட்டு வந்தார். மச்சான் எழுந்து போய், வழுக்காத ரகம் எது என்று பொறுமையாகக் காட்டி அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அப்ப என் கண்ணு தப்பாப் பாக்கல.”

“இல்ல மச்சான். போன மாசம் எங்க ஆளுங்க மேற்குச் சரிவுல ஏறிப் பாத்தாங்க, செம்பு கொட்டிக் கிடக்கு.”

“இத்தனை வருஷத்துல ரோட்டுல கிடக்கிற கல்லைக்கூட நான் குனிஞ்சு எடுத்ததில்ல மாப்ள. எடுத்தா ஏதாவது சொல்லத் தோணும். சொன்னா தப்பாயிருமோன்னு பயம்.”

வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “திட்டுங்க மச்சான். நாலு அறை வேணும்னாலும் விடுங்க” என்றேன்.

அவர் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். உள்ளங்கையை என் முன் நீட்டினார்.

“சரி, காட்டுங்க.”

“என்னது மச்சான்?”

“கல்லு. மேற்குச் சரிவுல எடுத்தது. ஒண்ணாவது கொண்டாந்திருப்பீங்கல்ல?”

ஆபீசில் என் மேசைக்குப் பக்கத்துத் தட்டில் அந்தக் கற்கள் ஏழெட்டுக் கிடந்தன. பத்து நாளும் எப்படிச் சொல்வது, சொன்னால் என் கதி என்ன, அவர் என்னை மன்னிப்பாரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என்னைப் பற்றியே.

“கொண்டு வரல மச்சான்” என்றேன். அவர் நீட்டிய கையை உடனே எடுக்கவில்லை.