காதுக்குக் கூலி

விடிகாலையில் மில் சங்கு ஊதுவதற்கு முன்பே அஞ்சலாட்சியின் கைகள் வேலையில் இறங்கிவிடும். இரண்டு கையிலும் இரண்டிரண்டு முட்டை. விரல்களுக்குள்ளேயே உருட்டி ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவாள். 'டிக்' என்று கூழாங்கல் மாதிரி ஒலித்தால் நல்ல முட்டை. வலப்பக்கம் வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிக்குப் போகும். 'சத்' என்று செத்த ஓசை வந்தால் ஓட்டில் எங்கேயோ கீறல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தட்டுப்படாது, காது ஒன்றுக்குத்தான் பிடிபடும். அது இடப்பக்கம் மண்சட்டிக்குப் போகும்.

பெரிய மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்தது தெய்வசிகாமணியின் முட்டை மண்டி. சன்னல் இல்லாத நீள அறை. ஈர வைக்கோலும் கோழி எச்சமும் மண்ணெண்ணெய்ப் புகையும் சேர்ந்த நாற்றம். ஆறு பெண்கள் சாக்கு விரித்துக் காலை மடக்கி உட்கார்ந்தால், காலாப்பட்டிலிருந்தும் கனகசெட்டிக்குளத்திலிருந்தும் வந்த கூடைகள் காலியாகிற வரை எழுந்திருக்க முடியாது. மார்கழியில் முட்டை பனிக்கட்டியாகச் சில்லிட்டு விரல் நுனியெல்லாம் மரத்துப்போகும். மத்தியானத்துக்குள் இடுப்பு தனியே கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். பேச்சுக்கும் வழியில்லை. பேசினால் ஓசை கேட்காது.

முதலாளி தெய்வசிகாமணியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பிரெஞ்சுக்காரன் ஆண்டவரை தலையில் தொப்பி. 'முசியே' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கொடி மாறிய மறுவாரமே உடம்பெல்லாம் கதர். இந்த நாலு வருஷத்தில் கதருக்குள்ளே தொந்தி இரண்டு சுற்று பெருத்தது, அவ்வளவுதான். முட்டை வியாபாரத்தில் பிறந்து முட்டை வியாபாரத்தில் வளர்ந்த அந்த மனிதருக்கு நல்ல முட்டை எது, கீறல் முட்டை எது என்று சொல்லத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அதற்குத்தான் ஆறு பெண்கள் இருக்கிறார்களே.

அவருடைய அப்பா விவரமான ஆள். அவர் காலத்தில் வந்த வழக்கம் ஒன்று அந்த மண்டியில் இருந்தது. சட்டியில் விழுகிற உடைசல் முட்டை தட்டுகிற பெண்களுக்கே சொந்தம். தாராள மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். உடைசல் தங்களுக்கு என்று இருந்தால் ஒரு கீறல்கூட அவர்கள் காதுக்குத் தப்பாது என்று அந்த மனிதர் கணக்குப் போட்டிருந்தார். நாற்பது வருஷமாக அந்த மண்டியின் பெட்டி ஒன்றுகூட நாறித் திரும்பி வந்ததில்லை.

சாயங்காலம் ஆறு பேரும் உடைசலைப் பங்கிட்டுக்கொள்வார்கள். வீட்டுக்குப் போக மீதியைப் பின்வாசலில் விற்பார்கள். முதலியார்பேட்டை மில் குடும்பங்கள் முட்டை வாங்குவது அங்கேதான். கிண்ணமும் டம்ளருமாக வருவார்கள்; பெண்கள் கிண்ணத்திலேயே உடைத்து ஊற்றிக் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவனுக்கு என்று ஆளுக்கு ஒன்று. மார்க்கெட்டுக்குள் முட்டை விலை அந்த வருஷம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் கோழிகள் முன்போலத்தான் முட்டையிட்டன; ஆனால் பெட்டி பெட்டியாக நாலு மணி ரயிலேறிச் சென்னைக்குப் போயின. ஓரணாவுக்கு விற்றது மூன்றணாவுக்கு வந்து நின்றது. கையெட்டும் விலையில் மிச்சமிருந்தது பின்வாசல் மட்டும்.

அஞ்சலாட்சிக்கும் அது ஒன்றே வழி. அவள் புருஷன் பாவாடை பதினெட்டு வருஷம் மில்லில் பஞ்சு அடித்தவன். பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி இருமலில் சுருண்டதும், மில் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் தினம் இரண்டு முட்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். கொடுத்து வந்தாள். இரண்டு மாதத்தில் அவன் சுவரைப் பிடிக்காமல் தெருமுனை வரை நடந்தான்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் முதலாளி உள்ளே வந்து சட்டியைக் காலால் தம் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இன்னிலேர்ந்து இது உள்ள போவும். வாய்க்காலுக்குக் கெழக்க வெள்ளைக்காரத் தெருவுல கேக்கு சுடுறவன் சட்டியோட எடுத்துக்குறேங்குறான்."

"அது எங்க பங்கு, மொதலாளி" என்றாள் அஞ்சலாட்சி.

"பங்கா? எந்த நொத்தேர்கிட்ட பத்திரம் எழுதி வாங்கின?"

"உங்கப்பா காலத்துலேர்ந்து நடக்குறது."

"எங்கப்பா காலத்துல முட்டைய சீந்துவாரில்ல. இன்னிக்கு அது விக்கிற வெலை தெரியுமா? உங்கள மாதிரி ஆளுங்களுக்கு எதுக்குடி முட்டை? கூழு குடிச்ச ஒடம்பு, தாங்குமா?" அவர் பற்கள் தெரியச் சிரித்தார். "நகத்தால கீறிப்புட்டு சட்டில போடுறீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா?"

குஞ்சம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆறு பேரில் சின்னவள் அவள். "இன்னா பேச்சு பேசுறீங்க? கீறுனா எங்க கையில ஒட்டாதா?"

அஞ்சலாட்சி அவளைக் கையமர்த்தினாள். "சரி மொதலாளி. இனிமே கீறலக் கண்டுபுடிச்சுக் குடுக்குறதுக்கு எங்களுக்கு இன்னா?"

"கூலி வாங்கறியே, அது எதுக்கு? கை வேல செய்யுது, கைக்குக் கூலி. காதுக்குத் தனியாச் சம்பளம் கேப்ப போலருக்கே!"

தம்முடைய நகைச்சுவை தமக்கே பிடித்துப்போய், சட்டியைத் தூக்கிக்கொண்டு குலுங்கக் குலுங்க உள்ளே போனார்.

பின்வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கிண்ணத்தோடு நின்றார்கள். முன்னால் நின்ற சின்னப்பாப்பா மில்லில் நூல் சுற்றுகிறவள். மகள் பிள்ளை பெற்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. "இல்லியா?" என்று கேட்டாள். அஞ்சலாட்சி காலிக் கையை விரித்துக் காட்டினாள்.

வீட்டுக்குப் போகாமல் மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள். முட்டைக்கடையில் இரண்டு முட்டையை எடுத்துப் பழக்க தோஷத்தில் தட்டிப் பார்த்தாள். 'டிக்.' அவள் கை தொட்டு அனுப்பிய முட்டையாகவும் இருக்கலாம்.

"இன்னாம்மா தட்டிப் பாக்குற?" என்றான் கடைக்காரன். "தெய்வசிகாமணி மண்டி சரக்கு. ஒரு கீறல் இருக்காது. அங்க ஒரு பொம்பள இருக்குதாம், காதுலயே கண்டுபுடிச்சுடுமாம். அதுக்குத்தான் இந்த வெலை."

அஞ்சலாட்சி முட்டைகளை வைத்த இடத்திலேயே வைத்தாள். அந்த இரண்டையும் வாங்க அவளுடைய அரை நாள் கூலி வேண்டும். தன் காதுக்கு ஊரில் ஒரு விலை இருக்கிறது, அதை இன்னொருவன் வாங்கித் தின்கிறான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. கோபத்தைவிட அருவருப்புதான் அதிகமாக வந்தது.

மறுநாள் விடிகாலை அவள் வழக்கம்போலத் தட்டினாள். 'டிக்' வலப்பக்கம் போனது. 'சத்'தும் வலப்பக்கமே போனது.

பக்கத்திலிருந்த குஞ்சம்மாள் நிமிர்ந்தாள். "யக்கா, அது கீறலு."

"எனக்குக் கேக்கல."

"இன்னாக்கா சொல்ற? எனக்கே கேட்டுச்சு."

"கைக்குத்தான் கூலின்னுட்டாரு. கை வேலய கை செய்யுது பாரு, ஒரு கொறையும் இல்ல."

மணியம்மாள் பயந்த சுபாவம். "வேலய வுட்டுத் தூக்கிட்டான்னா?"

"தூக்கட்டும். காது நம்ம கூடத்தான வரும்? அவன்கிட்டயா நிக்கப் போவுது?" அஞ்சலாட்சி தட்டுவதை நிறுத்தவில்லை. "நாம ஒண்ணயும் ஒடைக்கல. ஒண்ணயும் ஒளிக்கல. கேக்கல, அவ்வளவுதான். ஆனா ஒருத்திக்குக் கேட்டாலும் மத்த அஞ்சு பேரும் மாட்டுவோம். கேக்காதுன்னா ஆறு பேருக்கும் கேக்கக் கூடாது."

மணியம்மாள் கையிலிருந்த முட்டையைத் தட்டினாள். 'சத்.' வீட்டில் அவளுக்கு நாலு வாய். பிறகு அதை வைக்கோலில் வைத்தாள். வலப்பக்கம்.

சாயங்காலம் முதலாளி வந்து பார்த்தபோது சட்டி காலியாக இருந்தது. வெறும் சட்டியைக் கண்டு ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்பட்டு அந்தப் பெண்கள் பார்த்ததில்லை.

"பாத்தீங்களா! பங்கு இல்லன்னதும் கீறலும் நின்னு போச்சு! நான் சொன்னனே, நகத்தாலதான்னு!"

கேக்குக் கடை ஆள் வெறும் கையோடு போனான். அதைப் பற்றி முதலாளிக்குக் கவலையில்லை. முழு முட்டைக்கு அதிக விலை. வியாழக்கிழமை வரை மூன்று நாளும் கடைத்தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம் தம் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். பாவாடைக்கு அந்த மூன்று நாளும் முட்டை இல்லை. இருமல் திரும்ப வந்தது. "எனக்காக எறங்கிப் போவாத" என்று மட்டும் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை வண்டிக்காரன் கோவிந்தராசு ரயிலடியிலிருந்து மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்தான். வண்டியில் சென்னைக்குப் போன பெட்டிகள் அப்படியே திரும்பியிருந்தன. கீறல் முட்டை ஒழுகி, வைக்கோல் ஊறி, பக்கத்து முட்டைகளையும் கெடுத்து, சந்து முழுக்க நாற்றம் குடலைப் பிடுங்கியது. கூடவே சென்னை வியாபாரியின் கடிதம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு ஊரில் வாங்கிக்கொள்வதாக எழுதியிருந்தான்.

முதலாளி கடிதத்தோடு உள்ளே பாய்ந்தார். "ஏண்டி, உங்களுக்குக் காது செவிடாப் போச்சா?"

"காதப் பத்தி நீங்க கேக்கக் கூடாது, மொதலாளி" என்றாள் அஞ்சலாட்சி. "அதுக்கு நீங்க ஒண்ணும் குடுக்கல."

"கொழுப்பா? இதென்ன பெரிய வித்தையா? நவுரு!"

அவளை ஒதுக்கிவிட்டு உட்கார முயன்றார். தொந்தி இடித்தது. இரண்டு முட்டையை எடுத்துப் பூசைமணி அடிக்கிறவர் மாதிரி மோதினார். மஞ்சள் கரு முழங்கை வரை வழிந்து கதர் வேட்டியில் சொட்டியது. அடுத்த இரண்டும் அதே கதி. மணியம்மாள்தான் முதலில் சிரித்தாள். அந்தப் பயந்த மணியம்மாள்.

"வெளிய போங்கடி எல்லாரும்! போலீசக் கூப்புடுவேன்!"

"கூப்புடுங்க" என்று எழுந்தாள் அஞ்சலாட்சி. "வந்து, காது கேக்கலன்னு கேசு போடட்டும். சட்டி எங்க பங்குன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க, இப்பவே கேக்க ஆரம்பிச்சுடும்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்!"

ஆறு பேரும் வெளியே வந்து பின்வாசலில் உட்கார்ந்தார்கள். முதலாளி வாசலுக்கு வந்து கோவிந்தராசுவைப் பார்த்துக் கத்தினார். நாலு மணி வண்டிக்கு இன்றைய பெட்டிகள் ஏறியாக வேண்டும்.

கோவிந்தராசு மாட்டை அவிழ்த்து நிழலில் கட்டினான். "தட்டிப் பாக்காத பொட்டிய நான் ஏத்த மாட்டேன், மொதலாளி. நாறிப்போனா திரும்பத் தூக்கிட்டு வர்றவன் நான்தான?"

கதவு படாரென்று சாத்தப்பட்டது. கொஞ்ச நேரத்தில் காலை ஷிப்டு விட்டு மில் ஆட்கள் சந்துக்குள் வந்தார்கள். சின்னப்பாப்பா கிண்ணத்தோடு வந்திருந்தாள். இல்லை என்று தெரிந்தும் எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, "கெடைக்கிற அன்னிக்கு கிண்ணத்தத் தேடி ஓடணுமா?" என்றாள். கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அஞ்சலாட்சி பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சந்து நிறைந்தது. தெருமுனையில் இருமல் சத்தம் கேட்டது. பாவாடை ஒரு கையால் சுவரைப் பிடித்து வந்துகொண்டிருந்தான்.

மணி இரண்டு ஆகியிருக்கும். மூடிய கதவுக்குப் பின்னால் முதலாளி தனியே தட்டிக்கொண்டிருந்தார். இப்போது கொஞ்சம் மெதுவாக. 'டிக்.' வைக்கோல் சரசரத்தது. 'டிக்.' மறுபடி சரசரத்தது.

'சத்.'

ஆறு பெண்களும் ஒரே நேரத்தில் தலைநிமிர்ந்தார்கள். சட்டியில் வைக்கிற ஓசைக்காகக் காத்திருந்தார்கள். அது வரவில்லை. வைக்கோல்தான் சரசரத்தது.

"கீறலயும் பொட்டில வச்சுட்டான்" என்றாள் குஞ்சம்மாள்.

"வைக்கட்டும்" என்றாள் அஞ்சலாட்சி.