இரண்டு மணியில் நின்ற குமிழ்

செவ்வாய்க்கிழமை மாலை, கடையிலிருந்து வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு பாட்டைத் தட்டினேன். காதில் அறை விழுந்தது போல இருந்தது. பிடுங்கிப் போட்டேன். வலது காதில் ரீங்காரம் அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ஹெட்போனுக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப்ளிஃபையரின் குமிழை நான் கடிகார முள் கணக்கில் வைப்பேன். என் ஹெட்போனுக்கு ஒன்பது மணி. இரண்டு வருடத்தில் பத்தைத் தாண்டியதில்லை. இப்போது குமிழ் இரண்டு மணியில் நின்றது. பக்கத்தில் இருக்கும் சின்ன சுவிட்சும் 'குறைவு' என்பதிலிருந்து 'அதிகம்' என்பதற்குப் போயிருந்தது. குமிழ் கை பட்டுத் திரும்பலாம். சுவிட்ச் அப்படி இல்லை. நகத்தை விட்டுத் தள்ளினால்தான் நகரும்.

யாரோ உட்கார்ந்து பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன் இரும்புப் பட்டறையில் உயரத்தில் உட்கார்ந்து மேல்கிரேன் ஓட்டுகிறார். பதினான்கு வருட சர்வீஸ். அண்ணி முன்னறையில் துணி தைக்கிறார். நான் இயற்பியல் படித்துவிட்டு, கணினியில் பாட்டுக் கேட்பவர்களுக்கான கடையில் வேலை செய்கிறேன். ஹெட்போனைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். அதற்கு எந்த சவுண்ட் கார்டு, எந்த ஆம்ப்ளிஃபையர் பொருந்தும், குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பேன். அதிகம் பேச வேண்டாத வேலை. அதனால்தான் எனக்கு ஒத்துவந்தது.

அந்த வாரம் வீட்டில் பேச்செல்லாம் ஒரே விஷயம். வரும் திங்கட்கிழமை பட்டறையில் விசாரணை. போன மாதம் அண்ணன் இறக்கிய இரும்புத் தகடுகள், கீழே நின்று விசில் ஊதி சைகை தருகிறவர் மேல் உரசிவிட்டன. தோளில் நான்கு தையல். "நிறுத்தச் சொல்லி ஊதினேன்" என்கிறார் அவர். "ஊதவே இல்லை" என்கிறார் அண்ணன். இரைச்சலுக்குப் பயந்து மற்றவர்கள் காதில் பஞ்சு வைத்திருந்தார்கள். சாட்சி இல்லை. இருவரில் ஒருவருக்கு வேலை போகும். விசில்காரர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"அவன்தான் போவான்" என்றார் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி. "பதினாலு வருஷத்துக்கு முன்னால எட்டு மாசம் எந்த மூலைக்கு? தூங்கி வழிஞ்சிருப்பான். இப்போ ஊதினேன்னு கதை."

நான் குமிழைப் பற்றிக் கேட்டேன்.

"உன் டப்பாவையா? நான் ஏன் தொடறேன்? அதுக்கு இந்த வீட்டுல என்னைவிட மரியாதை ஜாஸ்தி. தினமும் துடைக்கறே. என்னை ஒரு நாள் துடைச்சிருப்பியா?"

"யாரோ தொட்டிருக்காங்க, அண்ணி."

"பேய் பாட்டுக் கேட்டிருக்கும். போ, விஞ்ஞானி."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். அண்ணிக்குப் பயமே தெரியவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் பட்டது.

புதன்கிழமை காலையில் குமிழை ஒன்பது மணியில் நிறுத்தி, பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனேன். மாலையில் புள்ளி இரண்டு மணியில் இருந்தது. சவுண்ட் கார்டின் விளக்கும் நிறம் மாறியிருந்தது. என் பாட்டுகளுக்கு அது நீலமாக எரியும். இணையத்தில் எதையாவது ஓட்டினால் பச்சையாகும். கடைசியாக ஓடியதன் நிறத்திலேயே நிற்கும். பச்சையில் நின்றது.

நான் யோசித்தேன். அந்த அளவு சத்தத்தில் என் ஹெட்போனை யாரும் ஒரு விநாடி மாட்ட முடியாது. அது முப்பது ஓம் ஹெட்போன். கொஞ்சம் மின்சாரம் போனாலே சத்தமாகப் பாடும் ஜாதி. முந்நூறு ஓம் என்று முரட்டு ஜாதி ஒன்று உண்டு. 'அதிகம்' சுவிட்சும் இரண்டு மணியும் அதற்குத்தான் பொருந்தும். அப்படியானால் யாரோ வெளியிலிருந்து வேறு ஹெட்போன் கொண்டுவந்து, என் ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பார்த்திருக்கிறார்கள். வாங்க வந்தவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள்.

அலமாரிக்கு மேல் நிமிர்ந்து பார்த்தேன். ஆம்ப்ளிஃபையரின் காலி அட்டைப்பெட்டி அங்கே இல்லை; கீழே இறங்கியிருந்தது. உள்ளே இருந்த, எப்படி இயக்குவது என்ற குறிப்புப் புத்தகம் இல்லை.

எனக்குச் சொல்லாமல் விற்கப் பார்க்கிறார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டேன். அவருக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட், விசாரணை முடியும்வரை கிரேன் இல்லை, தரையில் வேலை. பகலில் தூங்குவார். நான் கேட்பதற்கு மூன்று முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

"அண்ணா, பகல்ல என் ரூமுக்கு யாராவது வந்தாங்களா?"

அவர் தட்டைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார். 

"அண்ணா."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். அண்ணி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

கடந்த மூன்று மாதமாகவே இப்படித்தான். நான் ஏதாவது கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், இல்லையென்றால் சம்பந்தமில்லாமல் தலையாட்டுவார். நான் இங்கே இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். இப்போது காரணம் கிடைத்துவிட்டது. வேலை போனால் என்ன ஆகும் என்ற பயத்தில் அண்ணன் விற்க நினைக்கிறார். அண்ணி ஆள் பிடிக்கிறார். கணக்கு சரியாக வந்தது. கணக்கு இவ்வளவு சுலபமாக வந்தால் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை, தலைவலி என்று சொல்லிவிட்டு நண்பகலில் கடையிலிருந்து கிளம்பினேன். வாங்க வந்தவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது திட்டம். பிடித்து என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. வழியெல்லாம் முதல் வாக்கியத்தையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் அண்ணி முதுகைக் காட்டித் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் கடகடத்தது. என் அறைக் கதவு சாத்தியிருந்தது. திறந்தேன்.

உள்ளே அண்ணன் மட்டும் இருந்தார். என் நாற்காலியில், என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு. வேறு ஹெட்போன் எதுவும் இல்லை. கதவு திறந்தது அவருக்குத் தெரியவில்லை. திரையில், இணையத்தில் காது சோதிக்கும் பக்கம் ஒன்றின் கட்டம். அதில், 'ஒலி கேட்டதும் அழுத்தவும்.' அவர் விரல் விசைக்கு மேல் காத்திருந்தது.

என் ஹெட்போனின் முதுகு திறந்த வகை. சத்தம் வெளியே கசியும். தையல் மெஷினையும் மீறி, கூர்மையான விசில் போல ஒரு ஒலி வாசலில் நின்ற எனக்குக் கேட்டது. நான்காயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும். நின்றது. மறுபடி வந்தது. இன்னும் சத்தமாக. எனக்குப் பல் கூசியது.

அவர் விரல் அசையவில்லை.

நான் போய்த் தோளைத் தொட்டேன். துள்ளி எழுந்தார்.

"எப்போ வந்தே?"

"எத்தனை நாளா இது?"

"என்ன?"

"எத்தனை நாளா, அண்ணா?" வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னேன். நான் அப்படிப் பேசி எனக்கே பழக்கமில்லை.

அவர் உட்கார்ந்தார். மேசையில் குறிப்புப் புத்தகம் விரித்துக் கிடந்தது. சுவிட்ச் எதற்கு என்ற பக்கத்தில் தீக்குச்சி வைத்திருந்தார்.

"அவன் பொய் சொல்றான்னு நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன்" என்றார். "காது நல்லாத்தான் இருக்குன்னு ஒரு கணக்கு எடுத்து வெச்சுக்கலாம்னு. பட்டறை ஹூட்டர் கேக்குது. உன் அண்ணி பேசறது கேக்குது. இதுல மட்டும் இந்த இடத்துல ஒண்ணுமே வர்றதில்ல. நாலு நாளா வரலை." கொஞ்சம் நிறுத்தி, "உன் செட்டுல கோளாறு இருக்கலாம் இல்ல?" என்றார்.

இருக்கலாம். கடையிலும் முதலில் பொருளைத்தான் சந்தேகப்படுவேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மற்றவை அப்படியே இருக்க வேண்டும். எது மாறும்போது கோளாறும் மாறுகிறதோ, கோளாறு அதில்.

ஹெட்போனை இடம் வலமாக மாற்றி அவருக்கு மாட்டினேன். மாறவில்லை; இரண்டு காதிலும் அந்த இடம் வெறுமை, இடதில் இன்னும் மோசம். கடைக்குக் கொண்டுபோகும் இன்னொரு ஹெட்போனைச் செருகினேன். மாறவில்லை. சவுண்ட் கார்டைக் கழற்றிவிட்டு, ஹெட்போனைக் கணினியின் சொந்தத் துளையிலேயே செருகினேன். ஆம்ப்ளிஃபையரையும் விலக்கினேன். ஒவ்வொரு முறையும் முதலில் நான் கேட்டேன், பிறகு அவர். எனக்குக் குறைந்த சத்தத்திலேயே கேட்டது; அவருக்குக் கேட்கும்வரை எவ்வளவு கூட்டினேன் என்று குறித்துக்கொண்டேன்.

மாற்றாமல் மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"ஹெட்போன்லயே சில இடத்துல சத்தம் இறங்கி குழி இருக்கும்னு கடைக்கு வர்றவங்க கிட்டே நீ போன்ல சொல்லுவியே" என்றார் அண்ணன். "கேட்டிருக்கேன். முன்னால."

உண்மை. என் ஹெட்போனில் அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குழி இருக்கிறது. நானே அளந்த வரைபடம் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் காட்டினால் போதும். அவர் நம்பிவிடுவார். திங்கட்கிழமை நிம்மதியாகப் போய், "என் தங்கச்சி சயின்ஸ் படிச்சவ, சோதிச்சுப் பாத்துட்டா" என்று சொல்வார். நான் இருப்பதும் அவர் வீட்டில்தான். இழுப்பறையின் கைப்பிடியில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

"குழி இருக்கு" என்றேன். "ஆறு டெசிபெல்."

"அப்போ?"

"ஆறு பத்தாது, அண்ணா. உங்களுக்குக் கேக்க என்னைவிட முப்பத்தஞ்சு வேணும்."

அவருக்குக் கேட்கவில்லையோ என்று பார்த்தேன். கேட்டிருந்தது.

"மூணு மாசமா நீ என்கிட்டே பேசறதே இல்லைன்னு நெனச்சேன்" என்றார். "உதடு மட்டும் அசையும். நீ வேணும்னே முணுமுணுக்கறேன்னு நெனச்சேன்."

"நீங்கதான் பதில் சொல்லாம போறீங்கன்னு நான் நெனச்சேன். டப்பாவை விக்கப் போறீங்கன்னு நெனச்சேன்."

"இதையா? யார் வாங்குவா?" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு தன் கைகளைப் பார்த்தபடி, "அவன் கன்னம் உப்பியிருந்துச்சு" என்றார். "மேலேருந்து பாத்தேன். வாயில விசில், கன்னம் உப்பியிருக்கு. ஊதாம சும்மா வெச்சிருக்கான்னு நெனச்சேன். ஊதாதவன் கன்னம் எதுக்கு உப்பணும்?"

இழுப்பறையின் கைப்பிடியை விட்டேன்.

"நீ கடையில எழுதற மாதிரி எனக்கு ஒண்ணு எழுதிக் குடு."

அட்டை எடுத்தேன். வழக்கமான வரிசையில் எழுதினேன். ஹெட்போன்: இரண்டு, சரி. சவுண்ட் கார்டு: சரி. ஆம்ப்ளிஃபையர்: சரி. நான்காயிரம் ஹெர்ட்ஸில் எனக்குத் தேவைப்பட்ட அளவு, அவருக்குத் தேவைப்பட்ட அளவு. 'காது மருத்துவர் முறையாகச் சோதிக்க வேண்டும்.' தேதி போட்டேன்.

வாங்கிப் படித்தார். "இன்னொரு வரி சேரு, பாப்பா. அவன் ஊதினது நிஜம்னு."

"அது எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை."

"இப்பவும் அளந்துதான் பேசுவியா?"

"அவர் ஊதியிருந்தாலும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதை எழுதலாம்."

அட்டையை என்னிடம் திருப்பித் தந்தார்.

"எழுது. மத்ததைத் திங்கட்கிழமை நான் சொல்லிக்கறேன்."

எழுதினேன். மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். நான் குமிழை ஒன்பது மணிக்குத் திருப்பி, சுவிட்சை நகத்தால் தள்ளினேன். அங்கே தையல் மெஷின் நின்றது. வெகுநேரம் மறுபடி ஓடவில்லை.