தேர் தாண்டினால்தான் நெட்

ராஜவீதியில் கரண்ட் கம்பியிலேயே இன்டர்நெட் வருகிறது என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தவன் உமாபதிதான். தேரோடும் வீதியில் புதிதாகக் கேபிள் கட்டக் கூடாது என்று தடுத்தார்கள். உடனே ஒரு கம்பெனிக்காரன், இருக்கிற மின்கம்பியிலேயே சிக்னலை ஏற்றி அனுப்புகிறேன் என்று வந்தான். வீட்டு ப்ளக்கில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகினால் போதும், மெல்போர்னில் இருந்த தம்பி உதயகுமார் பளிச்சென்று எதிரே வந்து, அம்மாவிடம் ரசத்துக்குப் பக்குவம் கேட்பான்.

அந்த உதயகுமார்தான் நெஞ்சடைத்துப் போய்விட்டான். சாகிற வயசா அது? உடலைக் கொண்டுவர வழியில்லை, அங்கேயே தகனம். அந்த ஊர் மயானத்தில் ஒதுக்கியது அரை மணி நேரம். அதுவும் என்றைக்கு? பங்குனித் தேர் அன்று காலையில்.

தேர் வந்தால் கரண்டை நிறுத்திக் கம்பியைக் கழற்றிவிடுவார்கள் என்பது காஞ்சிபுரத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். உமாபதிக்கும் தெரியும். "பயப்படாதம்மா, இன்வெர்ட்டர் இருக்குது. கரண்டு போனாலும் நெட் போவாது" என்று தைரியம் சொல்லி, அம்மா கமலாட்சியைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான். திருவிழாக் கூட்டத்தில் செல்போனில் ஒன்றும் வராது என்பதுவரை யோசித்த புத்திசாலி!

திரையில் தம்பி மனைவி சந்தியா தெரிந்தாள். "இப்போ எடுத்தாருவாங்க மாமா" என்றாள். அத்தோடு படம் நின்றது. ஃபேன் ஓடியது, விளக்கு எரிந்தது, பெட்டியில் பச்சை லைட்கூட மினுக்கியது. நெட் மட்டும் இல்லை.

வாசலுக்கு ஓடினான். லைன்மேன் சிவராஜ் ஏணியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

"இன்வெர்ட்டர் உன் வீட்டுக்குத்தாண்ணே கரண்டு குடுக்கும். நெட்டு வர்றது இந்தக் கம்பிலதானே? அதத்தான் கழட்டிட்டோமே."

"என் தம்பி மூஞ்சியக் கடைசியா ஒரு தபா பாக்கணும் சிவராஜ். அஞ்சு நிமிசம் மாட்டிவுடுப்பா."

சிவராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "தேர் மூலைல மாட்டிக்கினு நிக்குதுண்ணே. அது தாண்டாம நான் இன்னா பண்ணுவேன்?"

வீதியில் பிணம் கிடந்தால் சாமி புறப்பாடே நின்றிருக்கும். இவன் வீட்டுப் பிணம் கடல் தாண்டிக் கிடந்தது. இப்போது அழுது புரண்டு தேரை நிறுத்தியும் பிரயோசனமில்லை, நின்றால்தான் வினையே. அது நகர்ந்தாக வேண்டும்.

தீட்டுக்காரன் வடம் தொடக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு என்றாலே தேர் இருக்கும் திசைக்குப் போகாத குடும்பம் அவனுடையது. உமாபதி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வடத்தைப் பிடித்தான். வாய்க்குள் சாமியைத் திட்டித் திட்டி இழுத்தான். பக்கத்தில் இழுத்தவர் அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டு, "அப்படித்தாம்பா, நல்லா இழு" என்றார். உள்ளங்கைத் தோல் உரிந்தது. தேர் அசைந்து, திரும்பி, ஆடி அசைந்து அவன் வீட்டைத் தாண்டியது. அதற்கென்ன அவசரம்?

சிவராஜ் ஓட்டமாய் ஓடிக் கம்பியை மாட்டினான். உமாபதி உள்ளே போனபோது படம் வந்துவிட்டிருந்தது. திரையில் தெரிந்த மயான ஹாலில் சந்தியா இல்லை, யாருமே இல்லை. கோட்டுப் போட்ட ஒருவர் நாற்காலிகளை வரிசையாக நகர்த்திக்கொண்டிருந்தார். அரை மணி எப்போதோ முடிந்துவிட்டது, நாற்காலி போடுவது அடுத்த சாவுக்கு என்று உமாபதிக்குப் புரிந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தேப்பா" என்றாள் கமலாட்சி. "இன்னும் எடுத்தாரல. இப்பதான் நாற்காலி போட்டுக்கினு இருக்காங்க."

அவன் உரிந்த கைகளை மடக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஆமாம்மா" என்றான். "இன்னும் எடுத்தாரல."

அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தாள்.