அடிபம்பின் போல்ட்

ஊரின் புது அடிபம்புக்குப் பொறுப்பாளர் தலாத்தா என்று முடிவாயிற்று. அதன் பூட்டுச் சாவி அவள் கழுத்தில் தொங்கியது. அவள் கணவனின் மூத்த மனைவி லாமிசிக்கு வயிறு எரிந்தது. நேற்று வந்த இளையவளுக்கா இந்த மரியாதை? மறுநாள் பெண்கள் வருமுன் கைப்பிடியின் போல்ட்டைக் கழற்றி இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

"சாவியை நகை மாதிரி மாட்டிக்கிட்டா போதுமாடி? தண்ணி எங்கே?" என்று தலாத்தாவைப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். லாமிசிக்கு இனித்தது.

"அம்மா, நான் குட்டைக்கே போறேன்." லாமிசியின் மகள் வாளியை எடுத்தாள்.

குட்டையா! அந்தத் தண்ணீரைக் குடித்துத்தானே லாமிசியின் காலைப் பிய்த்துக்கொண்டு நரம்புச்சிலந்திப் புழு வந்தது?

"நில்லுடி!"

லாமிசி தலாத்தாவிடம் போல்ட்டை நீட்டினாள். அவள் இடுப்பில் அவிழ்ந்து கிடந்த முடிச்சைத் தலாத்தா பார்த்துவிட்டாள்.

"அக்கா புல்லுல தேடி எடுத்துட்டாங்க!" என்று பெண்கள் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

எல்லோரும் லாமிசியைப் பாராட்டினார்கள். தலாத்தா காட்டிக்கொடுத்திருந்தால்கூட அவளுக்கு இத்தனை எரிந்திருக்காது.