டிவியில் வந்த கங்கம்மா

டிவியில் வரப்போகிறேன் என்று கங்கம்மா கீழ்க்கட்டளையில் சொல்லாத வாசல் இல்லை. மீன் வாங்கியவர்களிடம் சொன்னாள். பேரம் மட்டும் பேசிவிட்டுப் போனவர்களிடமும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலை மீன்கூடையை வெளியே வைத்துவிட்டு, தலை நிறையப் பூவோடு அருள்மேரி டீச்சர் வீட்டுக் கூடத்தில் முதல் ஆளாக உட்கார்ந்தாள். பின்னாலேயே தெருவே வந்து அடைத்துக்கொண்டது.

படம் பிடிக்க வந்தவர்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமா? கேமரா என்றதும் அவள் கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். கிழிசல் புடவையாகக் கட்டிவரச் சொன்னார்கள். கைக்கடிகாரம் கூடாது, செருப்பு கூடாது. நைலான் வலையைச் சுருட்டி மறைத்தார்கள். புருஷன் கோதண்டத்தின் எஞ்சின் படகை ஆள்விட்டு அப்பால் தள்ளினார்கள். மணலில் குந்தி, சிப்பியைக் கல்லால் உடைத்துப் பச்சையாகத் தின்னச் சொன்னார்கள்.

"நாங்க வேகவெச்சுதான் துன்னுவோம் சார்" என்றாள்.

"சும்மா ஆக்டிங்தாம்மா."

படித்தவர்கள், ஏதாவது காரணம் இருக்கும் என்று நம்பித் தொலைத்தாள்.

டிவியில் முதலில் குரங்கு வந்தது. அப்புறம் நிமிர்ந்து நடக்கும் குரங்கு. அப்புறம் உடம்பெல்லாம் மயிரோடு ஒருவன் கல்லைத் தட்டினான். அடுத்தது கங்கம்மா, சிப்பியும் கல்லுமாக. இங்கிலீஷில் ஒரு குரல் கனிவாக என்னவோ சொல்லிக்கொண்டே போனது. கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இன்னா சொல்றான் டீச்சரம்மா?"

அருள்மேரி புடவைத் தலைப்பைத் திருகினாள். "கடலோரத்து ஜனங்க எப்படி வாழறாங்கன்னு சொல்றான் கங்கம்மா."

பச்சைப் பொய். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, கண் அவிந்தா போயிற்று? இதே தெருவில்தான் நாளைக்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும். கங்கம்மா எழுந்து நின்றாள்.

"கொரங்குக்கு அப்பால நானு. அதானே?"

"ஐயோ, தப்பா எடுத்துக்காதே. மனுஷங்க எல்லாருமே அங்கேருந்துதான் வந்தோம். நீ, நான், எல்லாரும்."

"எல்லாருமா? அப்ப உன் மூஞ்சிய ஏன் காட்டல? அந்த கேமராக்காரன் பொண்டாட்டி மூஞ்சி எங்க? பட்டுப்பொடவ கட்டிகினு நின்னவள இல்ல கிழிசல கட்டவெச்சு காட்டிகீறானுங்க!"

அருள்மேரி எழுந்து டிவியை அணைத்தாள்.

"ஏன் நிறுத்துற? போடு. எனக்கு அப்பால யார் வர்றான்னு பாக்கணும்."

போட்டாள். கோட்டு சூட்டில் ஒருவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இவன் மனுசன். அப்ப நான் யாரு, சொல்லு" என்றாள் கங்கம்மா.