மண்ணுக்குள் மருந்து

நாய்க்காக உண்டியல் குலுக்குவது என்று முடிவானபோது யாழினி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டாள்: தன்னைப் பேசச் சொல்லக் கூடாது.

திருச்சியில் அவள் படித்த கல்லூரியில் பத்துப் பேர் சேர்ந்து தொடங்கிய வேலை அது. போர் ஓய்ந்து எத்தனையோ வருடம் கழித்தும் இலங்கையின் வடக்கிலும் இன்னும் பல நாடுகளிலும் வயலுக்கு அடியில் கண்ணிவெடிகள் கிடக்கின்றன. அவற்றை மோப்பம் பிடிக்க நாய்களைப் பழக்குகிறார்கள். அப்படி ஒரு நாயைப் பழக்கி அனுப்பும் செலவை ஏற்பது என்பது திட்டம். மிஞ்சியதில், இந்தப் பக்கத்திலேயே வெடி விபத்தில் கை கால் போனவர்களுக்கு மருந்து வாங்கித் தருவது. கூட்டத்தோடு பேசுவதெல்லாம் அவள் தோழி மெஹ்ரீன். யாழினி படிவம் தயாரித்தாள். பெயர், தொழில், தேவையான மருந்து, எவ்வளவு நாளாக, அவசரமா. பேச்சு வராத இடத்தில் ஒரு தாளை நீட்டிவிடலாம் என்பது அவளுக்குப் பெரிய ஆறுதல்.

சனிக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசல் தாண்டிக் கொள்ளிடக் கரை மணலில் கூட்டம் கூடியிருந்தது. மெஹ்ரீன் மாமு என்று கூப்பிடும் அவள் தாய்மாமன் அப்துல் அஹத், துணை ராணுவத்தின் நாய்ப் படையில் இருபது வருடம் இருந்தவர். வெடிமருந்தை மோந்து சொல்லும் ஒரு லாப்ரடார் அவரோடு வேலை பார்த்து அவரோடே ஓய்வும் பெற்றது. அதைக் கைலாசபுரத்தில் தன் மனைவியின் குவார்ட்டர்ஸுக்கே கூட்டிவந்துவிட்டார். இன்று அதன் வித்தையைக் காட்டப் போகிறார்.

"ஏண்டிம்மா, நாய்க்கா உண்டியல்?" நெற்றியில் திருமண்ணும் கையில் பால் பாக்கெட்டுமாக நின்ற ஒருவர் கேட்டார்.

"நாய்க்குத்தான் மாமா. அது மோந்து சொன்னா நம்ம கால் தப்பிக்கும்," என்றாள் மெஹ்ரீன்.

"இதுக்குப் பேரு?"

"டெல்டா."

"டெல்டாவா! அப்போ நம்மூர்ப் பொண்ணுன்னு சொல்லு."

கூட்டம் சிரித்தது. அஹத் சிரிக்கவில்லை. முன்பே அவர் பத்து பிளாஸ்டிக் டப்பாக்களை மணலில் புதைத்து மேலே தடம் தெரியாமல் தடவிவிட்டிருந்தார். ஒன்றில் மட்டும் வெடிமருந்தின் வாசனை ஏறிய பஞ்சு. நீளக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, நாக்கைத் தட்டி ஒரு சின்ன ஒலி எழுப்பினார்.

டெல்டா ஓடவில்லை, குரைக்கவில்லை. மூக்கை மணலுக்கு ஒரு விரல் மேலே வைத்துக்கொண்டு, ஏதோ படிப்பதைப் போல நேர்கோட்டில் போனது, திரும்பி வந்தது, அடுத்த கோட்டில் போனது. நான்காவது கோட்டில் நின்று, பின்னால் ஒரு அடி வந்து, மெதுவாக உட்கார்ந்தது. பிறகு அசையவே இல்லை. ஒரு குழந்தை பிஸ்கட்டை நீட்டிக் கூப்பிட்டது. டெல்டா திரும்பிப் பார்க்கவில்லை.

அஹத் போய்த் தோண்டினார். பஞ்சு வைத்த டப்பா.

பால் பாக்கெட்காரர் மெல்லிய குரலில் சொன்னார்: "சேவிக்கிற மாதிரின்னா உக்காந்துண்டிருக்கு."

யாழினிக்கு முழங்கையிலிருந்து தோள் வரை சிலிர்த்தது. நம் மூக்குக்கு வெறும் மணல். அதன் மூக்குக்கு ஒரு வீதி, வீடுகள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பெயர். இதே மணலில்தானே சின்ன வயதிலிருந்து நடக்கிறோம், எதன் மேல் நடந்தோம் என்று ஒரு நாளும் தெரிந்ததில்லையே என்று நினைத்துக்கொண்டாள். அஹத் பையிலிருந்து பழைய ரப்பர் பந்து ஒன்றை எறிந்தார். டெல்டா சட்டென்று குட்டியாகிப் பாய்ந்தது. அவ்வளவுதான் அதன் கூலி. சாவின் வாசனை என்று நாம் பெயர் வைத்திருப்பது அதற்கு ஒரு பந்தின் வாசனை.

"பாப்பா."

ஐம்பது வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை. வலது கை மணிக்கட்டோடு முடிந்திருக்க, சட்டைக் கையின் நுனியை மடித்து ஊக்கு குத்தியிருந்தார்.

"இந்த நாயி பழைய மருந்தையும் கண்டுபிடிக்குமா?"

யாழினி அந்த ஊக்கைப் பார்த்தாள். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "மருந்துக்குத் தனியாப் படிவம் இருக்குங்கய்யா. இதுல எழுதிக் குடுங்க."

"அது இல்ல பாப்பா, மருந்து..."

"பழைய சீட்டு இருந்தாலும் பரவாயில்லைங்க. நாங்களே வாங்கித் தந்துருவோம்."

அவர் படிவத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, தாளை முழங்காலால் அழுத்திக்கொண்டு, இடது கையால் எழுதினார். கொடுத்துவிட்டுப் போய்விட்டார். யாழினி அதை மற்றப் படிவங்களோடு பையில் வைத்தாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் நெரிசலில் நின்றபோதுதான் எடுத்துப் பார்த்தாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

பெயர்: வீரமலை. தொழில்: வேட்டு போடுறது. தேவையான மருந்து: எனக்கு வேண்டாம். மண்ணுக்குள்ள கெடக்குறத எடுக்கணும். எவ்வளவு நாளாக: ரெண்டு வருசம். அவசரமா: திங்கக்கெழம ஜேசிபி வருது.

அடியில் ஒரு போன் நம்பர்.

பஸ் நகர்ந்தது. யாழினிக்குக் காது சூடேறியது. உடனே மெஹ்ரீனைக் கூப்பிட்டாள்.

"மருந்துன்னா வெடிமருந்துடி. வேட்டுக்காரங்க அதை மருந்துன்னுதான் சொல்லுவாங்க."

"யா அல்லாஹ்! நீ அவருக்கு மாத்திரை வாங்கித் தரேன்னியா?"

யாழினி இணைப்பைத் துண்டித்தாள். இரண்டாவது போன் அவளே செய்தாள். யாரையும் பேசச் சொல்லாமல், வீரமலையிடம் அவளே பேசினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அஹத்தின் பழைய வேனில் நான்கு பேர் போனார்கள், நான்காவது டெல்டா.

"நேத்து நாயைத் தொட்ட கையைக் காலைக் கழுவிட்டு உள்ள வான்னு உங்க முமானி வாசல்லயே ரெண்டு பக்கெட் தண்ணி வெச்சுட்டா," என்றார் அஹத், தன் மனைவியைப் பற்றி. "இன்னிக்கு ஒரு லாரித் தண்ணியே வெப்பா."

"வேலைக்குன்னா நாய் வெச்சுக்கலாம்னு மார்க்கத்துலயே இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே மாமு?"

"சொன்னேன். ரிட்டயர் ஆன நாய்க்கு என்ன வேலைங்குறா."

திருவெள்ளறை தாண்டி உள்ளே ஒரு சின்ன ஊர். அய்யனார் கோயிலுக்கு எதிரே அரை ஏக்கர் பொட்டல். ஓரத்தில் ஒரு புங்க மரம், அதன் அடியில் மண்மேடு, மேட்டின் மேல் மடித்த துண்டு. வீரமலை அங்கிருந்து எழுந்து வந்தார்.

"இதாங்க எடம். திருவிழாவுக்கு அதிர்வேட்டு எப்பவும் இங்கதான். இரும்புக் குழாயை வரிசையா மண்ணுல பாதி புதைச்சு, மருந்து கெட்டிச்சு, வாயில செங்கப்பொடியும் களிமண்ணும் வெச்சு அடைச்சு, திரி வைப்போம். அன்னிக்கு ஆறு ஒழுங்கா வெடிச்சுச்சு. ஏழாவது அணைஞ்சுருச்சுன்னு கிட்டப் போனேன்." மடித்த சட்டைக் கையைச் சற்றுத் தூக்கிக் காட்டினார். "எட்டாவதை யாரும் பத்த வைக்கல. என்னைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க."

"எட்டாவதுன்னு ஒண்ணு கெடையாதுங்க," என்று ஒரு குரல் வந்தது. வார்டு மெம்பர் அடைக்கலம். நாயைப் பார்த்ததும் அவருக்குப் பின்னால் ஊரே வந்துவிட்டிருந்தது. "ஏழு வேட்டுக்கு ஊரு பேசுச்சு, ஏழும் வெடிச்சுச்சு. நாளைக்குப் பால்வாடிக்கு அஸ்திவாரம் தோண்டப் போறோம். இவருக்குக் கை போன கோவம் மண்ணு மேல. புள்ளைங்க வெளையாட வந்தாக்கூட ஓட்டி வுடுறாரு."

"எட்டாவது ஊருக்கணக்கு இல்ல மெம்பரே. எத்தினி தடவ சொல்றது? அது என் நேத்திக்கடன். மவளுக்குப் புள்ள பொறந்தா அய்யனாருக்கு ஒரு வேட்டுன்னு வேண்டிக்கிட்டேன். தள்ளித் தனியாப் பொதைச்சேன்."

"குடிச்சுட்டு வேண்டியிருப்பாரு," என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

வீரமலை சிரித்தவனைப் பார்க்கவில்லை. அஹத்தைப் பார்த்தார். "நாளைக்கு எயந்திரம் எறங்கி ஒரு தீப்பொறி பட்டாப் போதுங்க. ஓட்டுறவன் சின்னப் பையன். என் பேச்சை எடுக்க மாட்டேங்குறாங்க. உங்க நாயி பேச்சையாவது எடுக்கட்டும்."

"எங்க பொதைச்சீங்க?"

வீரமலை பொட்டலின் நடுவுக்குக் கை நீட்டினார். அங்கே முன்பு ஒரு வேப்ப மரம் இருந்ததாம். விபத்துக்குப் பிறகு ரத்தம் பட்ட மண் கண்ணில் படக் கூடாது என்று ஊர், மரத்தையும் வெட்டி, டிராக்டர் விட்டுத் தரையைச் சமன் செய்துவிட்டது. அடையாளம் எதுவும் மிச்சமில்லை.

அஹத் எல்லோரையும் ரோட்டுக்குப் போகச் சொன்னார். பாதிப் பேர் போனார்கள். டெல்டா இறங்கியது.

வீரமலை காட்டிய இடத்தை அது மூன்று கோடுகளில் கடந்தது. நிற்கவில்லை. அஹத் திரும்ப அனுப்பினார். மறுபடியும் கடந்தது. வெயில் ஏறியிருந்தது. நாக்கு வெளியே தொங்க, டெல்டா மூச்சு வாங்கும் சத்தம் ரோடு வரை கேட்டது.

"நாயும் மெம்பர் கட்சிதான் போலருக்கு!"

இந்தமுறை சிரிப்பு நீண்டது. வீரமலையின் இடது கை வலது சட்டைக் கையின் வெறும் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது. யாழினி அதைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பவில்லை. இரண்டு வருடம் இந்த மனிதரிடம் இருந்தது ஒரு சொல் மட்டும். அதையும் தாங்கள் வந்து பறித்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

"போதும் மாமு," என்றாள் மெஹ்ரீன் தாழ்ந்த குரலில். "அவரைப் பாருங்க."

"பாதி நிலத்தைப் பார்த்துட்டு இல்லைன்னு சொல்றது பொய்," என்றார் அஹத். "கடைசிக் கோடு வரைக்கும் போகணும்."

கோடு கோடாக டெல்டா போனது. பத்து நிமிடம், இருபது நிமிடம். கூட்டம் அலுத்துக் கலையத் தொடங்கியது. கடைசிக் கோடு புங்க மரத்தின் ஓரம். அங்கே டெல்டாவின் தலை திடீரென்று, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் போல, இடது பக்கம் திரும்பியது. மண்மேட்டைச் சுற்றி வந்தது. ஒருமுறை. இன்னொரு முறை, சின்ன வட்டமாக. பிறகு வீரமலையின் துண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"வெயில் தாங்கல, நிழலுக்குப் போயிருச்சு!"

"வீரமலை சீட்டைப் புடிச்சுருச்சுப்பா!"

அஹத் சிரிக்கவில்லை. ஒரு கையை மட்டும் மேலே தூக்கினார். "வாயைப் பாருங்க," என்றார்.

யாழினி பார்த்தாள். இவ்வளவு நேரம் தொங்கிய நாக்கு உள்ளே போய், டெல்டாவின் வாய் மூடியிருந்தது. அந்த வெயிலில், அந்தக் களைப்பில், அது மூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டிருந்தது. காதுகள் முன்னுக்கு வந்திருந்தன. கண்கள் மண்ணைப் பார்த்தன, பிறகு அஹத்தை, மறுபடி மண்ணை. நிழலுக்கு வந்த நாயின் உட்காரல் இல்லை அது. கூட்டத்துக்கும் அது புரியத் தொடங்கியது. சிரிப்பு முன்வரிசையில் அடங்கியது, பிறகு அதன் பின்னால், பிறகு ரோட்டில். புங்க இலைகள் உரசுவது கேட்டது.

அந்த அமைதிக்குள் வீரமலை பேசினார். "டிராக்டரு மண்ணைத் தள்ளிக்கிட்டு வந்து இங்கதானே குமிச்சுச்சு..." என்று நிறுத்தினார். தனக்கே கேட்காத குரலில் முடித்தார். "நான் தெனமும் இங்கதானே உக்காருவேன்."

இரண்டு வருடம், காலையும் மாலையும், பிள்ளைகளை அந்தப் பக்கம் வராமல் ஓட்டியபடி, எதற்குக் காவல் இருந்தாரோ அதன் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். யாழினிக்குத் தன் காலடி மண் ஆழமாகிக்கொண்டே போவதைப் போல இருந்தது.

அஹத் டெல்டாவைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார். பிறகு போலீசுக்குப் போன் செய்தார்.

வெடிகுண்டு நிபுணர்கள் வர மதியம் ஆகிவிட்டது. இரண்டு பேர் மேட்டைக் கரண்டி கரண்டியாகக் கரைத்தார்கள். முழங்கை ஆழத்தில் துருப்பிடித்த இரும்பு தெரிந்தது. சாய்ந்து கிடந்த குழாய். வாயில் களிமண் அடைப்பு விரிசல் கூட இல்லாமல் அப்படியே இருந்தது. ஒருவர் நிமிர்ந்து, இதைக் கெட்டித்தது யார் என்று கேட்டார். வீரமலை முன்னால் வந்தார். என்ன மருந்து, எத்தனை பிடி, எந்தப் பக்கம் திரி, எங்கே தண்ணீர் விட்டால் உள்ளே இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவர் சொன்ன வரிசையில் அவர்கள் செய்தார்கள்.

"இப்ப வெளிய எடுக்கப் போறோம். ஜனங்களை இன்னும் தள்ளிப் போகச் சொல்லுங்க," என்றார் நிபுணர்.

அடைக்கலம் வாயைத் திறந்தார். திறந்தவர் வீரமலையைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்கண்ணே," என்றார்.

வேட்டுக்காரர் திரியில் நெருப்பு வைக்கும் முன் ஊரைப் பார்த்து மூன்று முறை குரல் கொடுப்பது வழக்கம். வீரமலை புங்க மரத்தடியில் கோயிலைப் பார்த்து நின்று, இடது கையை வாயோரம் வைத்தார்.

"வெலகு!"

ரோட்டில் நின்ற அத்தனை பேரும் அசைந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வண்டிகளைத் தள்ளிக்கொண்டு, ஒருவரும் திரும்பிக் கேள்வி கேட்காமல் பின்னால் போனார்கள். மெஹ்ரீனின் கையைப் பிடித்துக்கொண்டு யாழினியும் போனாள். முதல் குரலிலேயே ரோடு காலியாகிவிட்டது.

வீரமலை மீதி இரண்டையும் கொடுத்து முடித்தார்.